ஒலெக் சலெங்கோ: ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்தவரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகக்கோப்பை வரும்போதெல்லாம் வினாடி வினாக்களில் இந்தப் பெயர் தலைகாட்டும். விடையைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டுவார்கள், அந்த ஆளுக்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடந்தது என்று கேட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும். "ஒரு நாள் கூத்து", "கேமரூன் விட்டுக்கொடுத்த ஆட்டம்" என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்வதும் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏன் என்று கீழே பதில்களில் சொல்கிறேன்.

முதலில், யார் இவர்?

ஒலெக் சலெங்கோ, ரஷ்ய முன்கள வீரர், இப்போது ஓய்வு பெற்றவர். 1969 அக்டோபர் 25இல் லெனின்கிராடில், அதாவது இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பிறந்தார். அந்த ஊரின் 'ஸ்மேனா' கால்பந்துப் பள்ளியில் வளர்ந்து, 16 வயதிலேயே ஜெனித் அணிக்காக சோவியத் முதல் டிவிஷனில் இறங்கிவிட்டார். 1994 உலகக்கோப்பையில் கேமரூனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்தார். அவருக்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை, 2022 உலகக்கோப்பை முடியும் வரை அவருக்குப் பின்னும் யாரும் செய்யவில்லை. நான்கு கோல் அடித்தவர்கள் உண்டு: 1938இல் போலந்தின் வில்லிமோவ்ஸ்கி, 1954இல் ஹங்கேரியின் கோச்சிஸ், 1958இல் பிரான்சின் ஃபோன்டெய்ன், 1966இல் போர்ச்சுகலின் யூசேபியோ, 1986இல் ஸ்பெயினின் புத்ராகெனோ. இவர்களில் பாதிப் பேருக்கு மேல் கால்பந்து வரலாற்றில் தனி அத்தியாயமே இருக்கிறது, சலெங்கோவுக்கு வினாடி வினா மட்டும்தான்.

அந்த ஐந்து கோலும் எப்படி வந்தன?

நாள் 1994 ஜூன் 28, இடம் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஸ்டேடியம், அரங்கத்தில் 70,000க்கு மேல் கூட்டம். 15, 41, 44, 72, 75 ஆகிய நிமிடங்களில் கோல்கள். 44ஆவது நிமிட கோல் பெனால்ட்டி, அதாவது இடைவேளைக்கு முன்பே ஹாட்ரிக் முடிந்துவிட்டது.

இரண்டாம் பாதி தொடங்கிய கையோடு ஒரு திருப்பம். மாற்று வீரராக வந்த ரோஜர் மில்லா, வயது 42, முதல் நிமிடத்திலேயே கேமரூனுக்கு ஒரு கோல் போட்டார். உலகக்கோப்பையில் கோல் அடித்த மிக மூத்த வீரர் என்ற அவருடைய சாதனை இந்த ஆட்டத்தில் பிறந்ததுதான், ஆக ஒரே ஆட்டத்தில் இரண்டு பெரிய சாதனைகள். அதன் பிறகு கிட்டத்தட்ட 25 நிமிடம் 3-1 என்றே போனது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், ஆரம்பம் முதல் கோல் மழை கொட்டிய ஆட்டம் அல்ல அது. 72ஆவது நிமிடம் வலப்பக்கத்திலிருந்து தரையோடு வந்த பந்தைச் சலெங்கோ உள்ளே தட்டிவிட்டார், மூன்றே நிமிடம் கழித்து முன்னேறி வந்த கோல்கீப்பர் ஜாக் சோங்கோவின் மேலாகப் பந்தைத் தூக்கி வலைக்குள் போட்டார். எனக்கு ஐந்திலும் பிடித்தது இந்தக் கடைசி கோல்தான். நான்கு அடித்துவிட்ட ஆள் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைத்திருக்கலாம், இவர் கீப்பர் எங்கே நிற்கிறார் என்று பார்த்து நிதானமாகத் தூக்கிவிட்டார். அப்புறம் இன்னொரு ரஷ்ய வீரர் ராட்சென்கோ ஒன்று அடிக்க ஆட்டம் 6-1 என்று முடிந்தது.

கேமரூன் மனம் விட்டுப்போய் ஆடிய ஆட்டம்தானே அது?

பாதி உண்மை. கேமரூன் முகாமில் பணப் பிரச்சினை இருந்தது, வீரர்களுக்குப் போனஸ் ஒழுங்காக வரவில்லை என்று அந்த உலகக்கோப்பை முழுக்கவே சச்சரவு. முதல் இரண்டு ஆட்டங்களில் நின்ற கோல்கீப்பர் ஜோசப் ஆந்த்வான் பெல் அணியிலிருந்து விலகிவிட்டார், அதனால்தான் சோங்கோ வந்தார். பிரேசிலுடன் ஆடியபோது சிவப்பு அட்டை வாங்கிய இளம் தடுப்பாட்டக்காரர் ரிகோபர்ட் சோங்கும் இல்லை. இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 'அவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை' என்பது தவறு. ஸ்வீடனுடன் 2-2 என்று டிரா செய்து கேமரூன் ஒரு புள்ளி வைத்திருந்தது. ரஷ்யாவை வென்றிருந்தால் நான்கு புள்ளி, அந்த உலகக்கோப்பையில் நான்கு புள்ளியோடு மூன்றாம் இடம் பிடித்த அமெரிக்காவும் இத்தாலியும் அடுத்த சுற்றுக்குப் போயின. எனவே கேமரூனுக்கும் அது வாழ்வா சாவா ஆட்டம்தான். அப்புறம் இன்னொன்று, நொந்துபோன அணிகள் எல்லா உலகக்கோப்பையிலும் இருக்கின்றன, அவற்றை எதிர்த்து ஆடிய முன்கள வீரர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஐந்து அடித்தவர் ஒருவர்தான்.

6-1 என்று ஜெயித்தும் ரஷ்யா ஏன் வெளியே போனது?

இந்தக் கதையின் சுவாரசியமான பகுதி இதுதான், கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

ரஷ்யா முதல் ஆட்டத்தில் பிரேசிலிடம் 0-2, இரண்டாவதில் ஸ்வீடனிடம் 1-3 என்று தோற்றிருந்தது. ஸ்வீடனுக்கு எதிரான அந்த ஒரு கோலும் நான்காவது நிமிடத்தில் சலெங்கோ அடித்த பெனால்ட்டிதான். கேமரூனை வென்ற பிறகு கையில் 3 புள்ளி, கோல் வித்தியாசம் கூட்டல் 1, குரூப்பில் மூன்றாம் இடம். அப்போது 24 அணிகள், ஆறு குரூப், மூன்றாம் இடம் பிடித்த ஆறு அணிகளில் சிறந்த நான்கு அடுத்த சுற்றுக்குப் போகும். அமெரிக்காவும் இத்தாலியும் நான்கு புள்ளியோடு ரஷ்யாவுக்கு மேலே இருந்தன, தென்கொரியா இரண்டு புள்ளியோடு கீழே இருந்தது. பாக்கி இரண்டு குரூப். அவற்றில் ஏதாவது ஒன்றில் மூன்றாம் இட அணி மூன்று புள்ளியோடும் மோசமான கோல் வித்தியாசத்தோடும் முடித்தால் ரஷ்யாவுக்கு இடம் கிடைக்கும்.

ஜூன் 29இல் பெல்ஜியம் இருந்த குரூப் முடிந்தது, அங்கே மூன்று அணிகள் ஆறு ஆறு புள்ளியோடு நின்றன, அந்தக் கதவு மூடிவிட்டது. மிச்சம் இருந்தது ஜூன் 30, அர்ஜென்டினாவும் பல்கேரியாவும் மோதிய ஆட்டம். பல்கேரியா மூன்று புள்ளியோடு இருந்தது, அர்ஜென்டினா வென்றிருந்தால் ரஷ்யா உள்ளே. அர்ஜென்டினாதானே, வென்றுவிடும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய மரடோனா அந்த ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்புதான் அணியை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தார். பல்கேரியா 2-0 என்று ஜெயித்தது, முதல் கோலை அடித்தவர் ஹ்ரிஸ்டோ ஸ்டொய்ச்கோவ்.

அந்த ஸ்டொய்ச்கோவ்தான் கடைசியில் சலெங்கோவோடு தங்கக் காலணியை, அதாவது அதிக கோல் அடித்தவருக்கான விருதைப் பகிர்ந்துகொண்டவர். ரஷ்யாவை ஊருக்கு அனுப்பிய கோலும் அந்தக் காலணிக்கான ஆறு கோல்களில் ஒன்று.

மூன்றே ஆட்டம் ஆடியவருக்கு எப்படித் தங்கக் காலணி?

கோல் எண்ணிக்கைதான் அளவுகோல். சலெங்கோ ஆறு, ஸ்டொய்ச்கோவ் ஆறு, அப்போது இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். ஸ்டொய்ச்கோவ் அரையிறுதி, மூன்றாம் இட ஆட்டம் எல்லாம் சேர்த்து ஏழு ஆட்டம் ஆடினார். சலெங்கோ மூன்றே ஆட்டம், அதிலும் பிரேசிலுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இரண்டாம் பாதியில்தான் மாற்று வீரராக உள்ளே வந்தார். குரூப் சுற்றிலேயே வீட்டுக்குப் போன அணியிலிருந்து ஒருவர் அதிக கோல் அடித்தவர் பட்டத்தை எடுத்தது அதற்கு முன் நடந்ததில்லை. ஐந்து கோல்களோடு கிளின்ஸ்மான், ரொமாரியோ, ராபர்ட்டோ பாஜ்ஜியோ, கென்னெட் ஆண்டர்சன் எல்லாம் ஒரு கோலில் கோட்டைவிட்டார்கள்.

உக்ரைனுக்காகவும் ஆடினார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1989இல் ஜெனித்திலிருந்து டைனமோ கீவுக்குப் போனார், சோவியத் கால்பந்தில் பகிரங்கமாகப் பணம் கைமாறி நடந்த முதல் இடமாற்றம் என்று அடிக்கடி குறிப்பிடப்படுவது இதுதான். அங்கே பயிற்சியாளர் வலேரி லோபனோவ்ஸ்கி, ஓட ஓட விட்டுப் பிழிந்தெடுக்கும் ஆள். 1990இல் அந்த அணி லீக், கோப்பை இரண்டையும் எடுத்தது. 1991-92 ஐரோப்பியக் கோப்பையில் பார்சிலோனா, பென்ஃபிகா, ஸ்பார்டா பிராக் இருந்த குரூப்பில் ஆடியது.

இடையில் சோவியத் ஒன்றியமே உடைந்துவிட்டது. 1992 ஏப்ரல் 29இல் உஷ்கொரோத் நகரில் சுதந்திர உக்ரைன் தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஹங்கேரியுடன் ஆடி 1-3 என்று தோற்றது, அந்த அணியில் சலெங்கோ இருந்தார். ஆனால் 1994 உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றில் சோவியத்தின் இடம் ரஷ்யாவுக்குத்தான் போனது, உக்ரைனுக்கு நுழைவே இல்லை. உலகக்கோப்பை ஆட வேண்டுமென்றால் ரஷ்யச் சட்டை ஒன்றுதான் வழி. ஒனோப்கோ, யூரான், நிகிஃபோரோவ், சிம்பலார், கஞ்செல்ஸ்கிஸ் என்று உக்ரைன் மண்ணில் பிறந்த பலரும் அன்றைக்கு ரஷ்யாவையே தேர்ந்தெடுத்தார்கள். சலெங்கோவோ லெனின்கிராடில் பிறந்தவர், அவர் போனதில் வியக்க என்ன இருக்கிறது?

14 பேர் கடிதம் என்றால் என்ன, அதில் இவர் பங்கு?

1993 நவம்பரில் ஏதென்ஸில் கிரீஸிடம் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்ற பிறகு, ரஷ்ய வீரர்கள் 14 பேர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். பயிற்சியாளர் பாவெல் சதீரினை மாற்ற வேண்டும், அனடோலி பிஷோவெத்ஸைக் கொண்டுவர வேண்டும், போனஸும் ஏற்பாடுகளும் சரியாக இருக்க வேண்டும் என்பது கோரிக்கை. சம்மேளனம் அசைந்து கொடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் சலெங்கோவும் ஒருவர், பிறகு மனம் மாறித் திரும்பி வந்தவர்களிலும் ஒருவர். கார்பின், மொஸ்தொவோய், ஒனோப்கோ, யூரான் ஆகியோரும் திரும்பினார்கள். கஞ்செல்ஸ்கிஸ், ஷாலிமோவ், கிர்யாகோவ், டோப்ரோவோல்ஸ்கி, கொலிவானோவ் போன்றவர்கள் கடைசி வரை வரவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அமெரிக்காவுக்குப் போன ரஷ்யா பாதி பலத்தோடு போன அணி. கிர்யாகோவும் கொலிவானோவும் வந்திருந்தால் முன்களத்தில் சலெங்கோவுக்கு இடம் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம். வந்தவர்களிலும் முதல் ஆட்டத்தில் அவர் பெஞ்சில்தான் இருந்தார். கேமரூன் ஆட்டத்தில் ரஷ்ய கோல் வாயில் நின்றவர் யார் தெரியுமா, ஸ்டானிஸ்லாவ் செர்செசோவ், 2018இல் ரஷ்யாவை உலகக்கோப்பைக் கால் இறுதிக்குக் கொண்டுபோன அதே பயிற்சியாளர்.

அந்த ஒரு ஆட்டத்தைத் தவிர வேறு என்ன செய்தார்? அதிர்ஷ்டம்தானே?

இந்தக் கேள்விதான் எனக்கு எரிச்சலூட்டுவது.

முதலில் 1989. சவுதி அரேபியாவில் நடந்த இளையோர் உலகக்கோப்பையில் அதிக கோல் அடித்தவர் சலெங்கோ, அங்கேயும் ஐந்து. இளையோர், பெரியவர் இரண்டு உலகக்கோப்பைகளிலும் அதிக கோலுக்கான பரிசை எடுத்தவர் என்று 2022 வரையிலான கணக்கில் இவர் ஒருவர்தான். வேடிக்கை என்னவென்றால் அங்கேயும் அணி காலை வாரிவிட்டது: தம்மாமில் நடந்த கால் இறுதியில் சோவியத் அணி நைஜீரியாவுக்கு எதிராக 4-0 என்று முன்னிலையில் இருந்து, 4-4 என்று விட்டு, பெனால்ட்டி ஷூட் அவுட்டில் தோற்றது. ஆப்பிரிக்கக் கால்பந்தில் 'தம்மாம் அதிசயம்' என்று இன்றும் பேசுகிறார்களே, அந்த ஆட்டம்தான்.

அடுத்தது ஸ்பெயின். 1993 தொடக்கத்தில் லோக்ரோனியஸ் என்ற சின்ன கிளப்புக்குப் போனார், ஒயினுக்குப் பேர்போன ரியோகா பகுதியின் ஊர் அது. 1993-94 லா லீகாவில், அதாவது ஸ்பெயினின் முதல் டிவிஷன் லீக்கில், 16 கோல் அடித்தார். பார்சிலோனாவின் ரொமாரியோ 30 அடித்த வருஷம் அது, அதோடு ஒப்பிட்டால் 16 சின்னதாகத் தெரியும். ஆனால் அவர் இருந்தது இரண்டாம் டிவிஷனுக்குக் கீழே விழாமல் தப்பினால் போதும் என்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அணி. தப்பியும் விட்டது. அந்தக் கோடையில் சலெங்கோ விற்கப்பட்டார். அடுத்த சீசன் 1994-95இல் லோக்ரோனியஸ் முழு அணியும் சேர்ந்து, 38 ஆட்டத்தில், 15 கோல் அடித்தது. இரண்டே வெற்றி, 13 புள்ளி, கடைசி இடம். ஒரு ஆள் தனியாக அடித்ததை அடுத்த வருஷம் மொத்த கிளப்பாலும் எட்ட முடியவில்லை. இதற்கு மேலும் அதிர்ஷ்டம் என்பவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

அப்படியானால் பிறகு ஏன் காணாமல் போனார்?

உலகக்கோப்பை முடிந்ததும் வலென்சியா வாங்கியது. அங்கே பயிற்சியாளராக வந்தவர் அதே கோடையில் பிரேசிலுக்கு உலகக்கோப்பை வாங்கித் தந்த கார்லோஸ் அல்பெர்ட்டோ பரெய்ரா. காகிதத்தில் அட்டகாசமான கூட்டணி. நடந்தது வேறு, லீக்கில் சலெங்கோ அடித்தது ஏழு கோல், பரெய்ரா சீசன் முடிவதற்குள்ளேயே போய்விட்டார். முன்களத்தில் மியாடோவிச் இருந்த அணியில் இவருக்கு நிலையான இடம் அமையவில்லை. லோக்ரோனியஸில் பந்தெல்லாம் இவரைத் தேடி வந்தது, வலென்சியாவில் இவர் பந்தைத் தேட வேண்டியிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1995இல் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ். பால் காஸ்காய்னும் பிரையன் லௌட்ரப்பும் ஆடிய, வால்டர் ஸ்மித் நடத்திய அணி. 16 லீக் ஆட்டத்தில் ஏழு கோல், மோசமென்று சொல்ல முடியாது. ஆனாலும் 1996 ஜனவரியில் துருக்கியின் இஸ்தான்புல்ஸ்போர் கிளப்புக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்கு டச்சு வீரர் பீட்டர் வான் வோசனை வாங்கிக்கொண்டார்கள். அந்த வான் வோசன் ரேஞ்சர்ஸின் பரம எதிரி அணியான செல்டிக்குக்கு எதிராகத் திறந்து கிடந்த கோலில் பந்தை மேலே அடித்துத் தவறவிட்டது ஸ்காட்லாந்தில் இன்றுவரை கிண்டலுக்கு உரிய விஷயம். ரேஞ்சர்ஸ் ரசிகர்களுக்குச் சலெங்கோவின் அருமை அன்றைக்குப் புரிந்திருக்கும்.

இஸ்தான்புல்லில் முழங்கால் போனது, அதோடு கதை முடிந்தது என்றே சொல்லலாம். 1999-2000இல் ஸ்பெயின் இரண்டாம் டிவிஷனில் கோர்டோபாவுக்கு மூன்று ஆட்டம், அப்புறம் போலந்தின் போகோன் ஷ்செச்சினுக்கு ஒரே ஒரு லீக் ஆட்டம். 31 வயதில் பூட்ஸைக் கழற்றி வைத்தார்.

ஐந்து கோலுக்குப் பிறகு ரஷ்ய அணிக்கு ஏன் ஆடவில்லை?

ஆமாம், கேமரூன் ஆட்டம்தான் ரஷ்யாவுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம். எட்டு ஆட்டம், ஆறு கோல், ஆறும் அந்த உலகக்கோப்பையில் வந்தவை. உலகக்கோப்பை முடிந்ததும் சதீரின் போய் ஒலெக் ரொமான்த்செவ் வந்தார், கடிதம் எழுதி ஒதுங்கியிருந்தவர்களுக்குக் கதவு திறந்தது, முன்களத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சலெங்கோவும் வலென்சியாவில் தடுமாறிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும், தங்கக் காலணி வாங்கிய ஆளுக்கு ஒரு நட்பு ஆட்டத்தில்கூடவா வாய்ப்புக் கிடைக்காது என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ரஷ்யாவுக்காக உலகக்கோப்பையில் இவரை விட அதிகம் அடித்தவர் உண்டா?

இல்லை. தனி நாடாக ரஷ்யா ஆடிய உலகக்கோப்பைகள் நான்கு: 1994, 2002, 2014, 2018. சொந்த மண்ணில் நடந்த 2018இல் டெனிஸ் செரிஷேவ் நான்கு, ஆர்ட்யோம் ஜூபா மூன்று. சலெங்கோவின் ஆறு அப்படியே நிற்கிறது. சோவியத் காலத்தை எடுத்தாலும் ஒரே உலகக்கோப்பையில் ஆறு யாரும் அடிக்கவில்லை, 1962இல் வாலென்டின் இவானோவும் 1986இல் பெலானோவும் நான்கோடு நின்றார்கள்.

ஓய்வுக்குப் பிறகு?

பல வருஷம் கீவில்தான் இருந்தார், உக்ரைனின் கடற்கரைக் கால்பந்து அணியோடு வேலை செய்தார். பெரிய கிளப் எதற்கும் பயிற்சியாளராகப் போகவில்லை. உலகக்கோப்பை வருஷங்களில் பத்திரிகைக்காரர்கள் தேடி வந்து அதே ஆட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள்.

அந்தச் சாதனையை யாராவது முறியடிப்பார்களா?

முடியாது என்று சொல்ல மாட்டேன். 48 அணிகள் என்று ஆனபின் பலம் குறைந்த அணிகளும் நிறைய வருகின்றன, ஒருதலைப்பட்சமான ஆட்டங்கள் கூடும். இன்னொரு பக்கம், ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம் என்ற விதி இருப்பதால் மூன்று கோல் அடித்த நட்சத்திரத்தை 60ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்து அடுத்த ஆட்டத்துக்குப் பத்திரப்படுத்துவதுதான் இன்றைய பயிற்சியாளர்களின் பழக்கம். சதீரினுக்கு அந்த யோசனைக்கே இடமில்லை, கோல் வித்தியாசத்துக்காக ரஷ்யா கடைசி வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. சலெங்கோவின் நான்காவது, ஐந்தாவது கோல்கள் 70ஆவது நிமிடத்துக்குப் பிறகு வந்தவை.